கடைமடை

சில சொற்களை நாம் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறோம். ஆனால் அவற்றின் பொருளை வேறு யாரோ ஒருவர்தான் ஒருநாள் நமக்குக் கற்பிக்கிறார். எனக்கு அப்படி வாய்த்த ஒரு சொல்லைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதப் பள்ளி விடுமுறை. சிராங்கூன் சாலையை ஒட்டி நடைபெறும் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் மாணவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் மரினா அணைக்கட்டுக்கு ஒரு கற்றல் பயணமாக அழைத்துச் சென்றோம். அந்த ஆண்டைக் 'கழிவில்லா நிலையை நோக்கி' என்னும் கருப்பொருளுக்கு உரிய ஆண்டாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அணைக்கட்டில் உள்ள 'சஸ்டெய்னபிள் சிங்கப்பூர் கேலரி' அதற்கு முந்தைய ஆண்டில்தான் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டிருந்தது. கட்டணம் இல்லை, குளிர்சாதன வசதி உண்டு, பிள்ளைகள் தொட்டும் அழுத்தியும் விளையாடியும் கற்கலாம். ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் முதல்நாள் இரவே ஒரு பயிற்சித்தாளைத் தயாரித்துவிட்டேன். 'நீடித்த நிலைத்தன்மை', 'மறுபயனீடு', 'நீர்த்தேக்கம்', 'நீர்ப்பிடிப்புப் பகுதி', 'உப்புநீக்கம்' எனப் பத்துச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வாக்கியம் எழுதுவதற்குக் கோடு. அந்தத் தாளைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் கூடி, ரயிலேறி, பேஃபிரண்டில் இறங்கி, கரையோரப் பூந்தோட்டத்தின் வழியாக நடந்தோம். தாத்தா பாட்டிகள் ஐவர் வந்திருந்தனர். பிள்ளைகள் முன்னே ஓட, பெற்றோர்கள் தண்ணீர்ப் புட்டிகளோடு பின்னே வர, ஒரு சிறு திருவிழாக் கூட்டம் போலவே சென்று சேர்ந்தோம்.

காட்சிக்கூடம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒளிரும் சுவர்கள், தொடுதிரைகள், கேள்விக்கு விடை சொன்னால் மதிப்பெண் தரும் விளையாட்டுகள் என ஒவ்வொன்றின் முன்னும் வரிசை. நம் தீவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, பருவநிலை மாறினால் கடல்மட்டம் உயர்ந்து நமக்கு என்ன நேரும் என்பவற்றையெல்லாம் அழகாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர்கள் புகைப்படம் எடுத்தார்கள். பிள்ளைகள் யாருக்கு அதிக மதிப்பெண் என்று போட்டியிட்டார்கள். என் பயிற்சித்தாள்களில் சில அதற்குள் விசிறியாக மடிக்கப்பட்டுவிட்டன.

அப்போதுதான் தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவன். தமிழ் வகுப்பில் கேட்டால் மட்டும் பேசுபவன். தாளில் முதல் சொல்லைச் சுட்டி, "டீச்சர், நீடித்த நிலைத்தன்மைன்னா என்ன?" என்றான்.

"வளங்களை எதிர்காலத் தலைமுறையினரும் பயன்படுத்தும் வகையில் பேணிக்காப்பது" என்றேன்.

அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். பிறகு, "ஓ, சஸ்டெய்னபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

நண்பர்களே, ஓர் ஆசிரியைக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை. நான் விளக்கிய தமிழ், அவன் ஏற்கெனவே அறிந்திருந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் முகமூடியாக மட்டுமே இருந்தது. முகமூடியைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான்.

காட்சிக்கூடத்திலிருந்து வெளியே வந்து அணைக்கட்டின் பாலத்தின்மீது நடந்தோம். ஒருபுறம் கடல், மறுபுறம் நன்னீர். நடுவே 350 மீட்டர் நீளத்திற்கு மரினா கால்வாயின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பு. அதில் ஒன்பது எஃகுக் கதவுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் உடையவை. பெருமழை பெய்யும்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் தாழ்த்தி மிகுநீரைக் கடலுக்குள் விடுவார்கள். கடல்மட்டம் உயர்ந்திருந்தால் கதவுகளைத் திறக்க இயலாது. அப்போது ஏழு இராட்சத விசைக்குழாய்கள் நீரை இறைத்துக் கடலில் கொட்டும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரை இறைக்கவல்லது. 2008இல் திறக்கப்பட்ட இந்த அணைக்கட்டால் சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் முதலிய தாழ்வான பகுதிகளில் வெள்ள அபாயம் குறைந்தது. உள்ளே இருந்த உப்புநீர் மழைநீரால் சிறிது சிறிதாக மாற்றப்பட்டு, 2010இல் மரினா நம் நாட்டின் பதினைந்தாவது நீர்த்தேக்கமாயிற்று.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த மாணவனின் பாட்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி 1970களில் சிங்கப்பூர் வந்தவர். நான் பேசி முடித்ததும் அமைதியாகச் சொன்னார்.

"எங்க ஊர்க் கண்மாயிலயும் இதுதானே டீச்சர். இது கலுங்கு."

நான் திகைத்து நின்றேன். கண்மாய் நிறைந்து கரை உடையாமல் இருக்க மிகுநீர் வெளியேறும் இடமே கலுங்கு. அதில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். தண்ணீரைச் சற்று உயர்த்தித் தேக்க வேண்டுமானால் கற்களுக்கிடையே பலகையோ மண்ணோ வைத்து அடைப்பார்கள். வெள்ளம் வந்தால் அதை எடுத்துவிடுவார்கள். எஃகுக் கதவும் நீரியல் விசையும் இல்லையே தவிர, பணி அதுதான். இலக்கியப் பாடத்தில் இந்தச் சொல்லை நான் படித்திருக்கிறேன். பொருளும் அறிவேன். ஆனால் கண்முன்னே 350 மீட்டர் நீளத்திற்கு அது நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பாட்டி பேரனை அருகே அழைத்தார். பிள்ளைகள் சிலரும் சூழ்ந்துகொண்டனர். கண்மாயின் கதையைச் சொல்லத் தொடங்கினார். மழைக்காலத்தில் கண்மாய் பெருகும். அடுத்த மழை வரும்வரை அந்தத் தண்ணீர்தான் ஊருக்கு. மடையைத் திறப்பதும் மூடுவதும் நீர்ப்பாய்ச்சி என்பவரின் வேலை. மடைக்கு அருகிலுள்ள வயல் தலைமடை. வாய்க்கால் போய் முடியும் இடத்திலுள்ள கடைசி வயல் கடைமடை.

"தலைமடைக்காரன் வயல் நிறைஞ்சாப் போதும்னு மடையைத் திறந்து விட்டுட்டா, கடைமடைக்காரன் என்ன பண்ணுவான்? அவனுக்கும் தண்ணி போய்ச் சேரணும். கதிர் முத்துற வரைக்கும் கண்மாய்ல தண்ணி இருக்கணும். அதைக் கணக்குப் பார்த்து விடுறவருதான் நீர்ப்பாய்ச்சி. அறுப்பு முடிஞ்சா எல்லா வயல்லயும் அவருக்கு நெல்லு அளப்பாங்க."

ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரும் குடிமராமத்தைப் பற்றியும் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாச் சாதியினரும் ஒரே துறையில் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளைகளில் ஒருத்தி, "ஏன்?" என்று கேட்டாள். "தப்புத்தான்" என்றார் பாட்டி. வேறு விளக்கம் சொல்லவில்லை.

அந்த மாணவன் சற்று யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினான். "டீச்சர், அப்போ நாங்க கடைமடையா?"

நான் பத்துச் சொற்களில் சொல்ல முயன்று தோற்றதைப் பாட்டி ஒரு சொல்லில் அவன் கையில் கொடுத்துவிட்டார். காலத்தையும் ஒரு வாய்க்காலாக எண்ணிப் பாருங்கள். நாம் இப்போது தலைமடையில் இருக்கிறோம். அவனும் அவனுக்குப் பின் வருபவர்களும் கடைமடை. நீடித்த நிலைத்தன்மை என்பது வேறென்ன?

திரும்பி வரும் வழியில் இன்னொரு பாடம் எனக்குக் காத்திருந்தது. மரினா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி பத்தாயிரம் ஹெக்டர். சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நாட்டின் மையப் பகுதியில் கட்டடங்களும் சாலைகளும் நிறைந்த இடத்தில் பெய்யும் மழைதான் அங்கு வந்து சேர்கிறது. தேக்கா நிலையத்தின் அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயும் அவ்வாறே. லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழை சாலையோர வடிகால்களில் இறங்கி, ரோச்சோர் கால்வாய் வழியாகக் காலாங் படுகையை அடைந்து, மரினாவில் தேங்கிச் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. காலையில் நாங்கள் ரயிலில் சென்ற வழியும் தண்ணீர் செல்லும் வழியும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நம் நாட்டில் மழைநீருக்கு ஒரு வழி, பயன்படுத்திய நீருக்கு வேறொரு வழி. சமையலறைத் தொட்டியிலும் குளியலறையிலும் விடும் நீர் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டுப் புதுநீராகிறது. சாலையோர வடிகாலிலும் அடுக்குமாடி வீட்டின் தாழ்வார ஓரத்திலுள்ள மழைநீர்க் காலிலும் விழுவது நேரே நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது.

இதைப் படித்தபோது என் முகம் சுருங்கியது. வீட்டைத் துடைத்த சோப்பு நீரைப் பல ஆண்டுகளாக நான் தாழ்வாரத்துக் காலில்தான் ஊற்றி வந்தேன். எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகும் என்று எண்ணியிருந்தேன். வகுப்பில் நீரின் சிறப்பைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதச் செய்திருக்கிறேன்! வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரத்திலேயே வான்சிறப்பை வைத்தார் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! வாளி மட்டும் காலை நோக்கியே சாய்ந்தது. அன்று மாலை முதல் அது குளியலறைக்குத் திரும்பியது.

மறு வாரம் பாடத்தை மாற்றினோம். விருப்பமுள்ள குடும்பங்களோடு தேக்கா நிலையத்திலிருந்து ரோச்சோர் கால்வாய்வரை வடிகாலைப் பின்தொடர்ந்து நடந்தோம். இது கண்காட்சி இல்லாத கண்காட்சி. எருமையையும் மாட்டுக் கொட்டிலையும் தம் பெயரிலேயே சுமந்திருக்கும் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, கண்டாங் கெர்பாவ் ஆகிய இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒருகாலத்தில் இங்கே மாட்டு வணிகம் செழித்ததற்குக் காரணமே தண்ணீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலம்தான். நம்மவர் பலர் இவ்விடத்தில் குடியேறியதற்கும் அந்த வணிகம் ஒரு காரணம். ஆக, நாம் இங்கே இருப்பதே தண்ணீரால்தான்.

வழியில் வடிகாலின் கம்பி மூடியில் சிக்கியிருந்தவற்றைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்: உறிஞ்சுகுழல், வாழையிலைத் துண்டு, சிகரெட் நுனிகள், பூமாலை நார், தேநீர் வாங்கிய பிளாஸ்டிக் பை. முன்பு துர்நாற்றம் வீசிய ரோச்சோர் கால்வாய் 2015இல் அழகுபடுத்தப்பட்டு நடைபாதையோடு இருப்பதையும் கண்டார்கள். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்த 1977இல் தொடங்கி 1987வரை பத்தாண்டுகள் பிடித்தன என்று சொன்னேன். அந்தப் பத்தாண்டு உழைப்பு இல்லையென்றால் மரினாவைக் குடிநீராக்குவதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அன்று எங்களோடு வந்த ஒரு தாத்தா, 1963இல் தாம் சிறுவனாக இருந்தபோது பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றதைச் சொன்னார். அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய நீர்ப் பங்கீடு அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை, பத்து மாதங்கள் நீடித்தது. பிள்ளைகள் நம்பவில்லை. சிங்கப்பூரில் குழாயைத் திருகினால் தண்ணீர் வராமல் இருக்குமா?

அவர்கள் நம்புவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டுபோயின. ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம்! எங்கள் மாணவர்களில் பலருக்குச் சென்னையில் அத்தையோ மாமாவோ இருந்தார்கள். லாரித் தண்ணீருக்காக அத்தை இரவு முழுவதும் விழித்திருந்ததை ஒரு மாணவி வகுப்பில் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், ஏனென்றால் அத்தை தொலைபேசியில் சொன்னது தமிழில். அன்று நான் பயிற்சித்தாள் எதையும் கொடுக்கவில்லை.

ஊடாடும் கண்காட்சிகளை நான் குறை கூறவில்லை. அவை சொல்லும் அளவுகள் நமக்குத் தேவை. இங்கே ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய நீர் 2003இல் 165 லிட்டர். 2018இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. கிருமித்தொற்றுக் காலத்தில் நாம் வீட்டிலேயே இருந்தபோது மீண்டும் 150க்கு மேல் ஏறியது. 2030க்குள் 130 லிட்டர் என்பது இலக்கு. நம் குப்பையை எரித்தபின் எஞ்சும் சாம்பல் செல்லும் ஒரே இடமான செமக்காவ், 1999இல் திறக்கப்பட்டது; 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். அப்போது என் மாணவர்கள் இருபத்தைந்து வயதைக் கடந்திருப்பார்கள். கடைமடை அவ்வளவு தொலைவில் இல்லை.

ஆனால் தொடுதிரை அணைந்த பிறகு அந்த எண்கள் எங்கே போய்த் தங்குகின்றன? வீட்டில் சோற்றுப் பானையைக் கழுவும்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் பேசும் மொழியில் தங்கினால்தான் அவை நடத்தையாக மாறும் என்று நான் நம்புகிறேன். தமிழைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேடைப்பேச்சுக்கும் மட்டும் உரியதாக வைத்துவிட்டு, தண்ணீர், குப்பை, மின்சாரம் போன்றவற்றை ஆங்கிலத்திடம் ஒப்படைத்துவிட்டோம். இந்தத் துறையில் கடன் வாங்கும் நிலையில் இருந்த மொழியா தமிழ்? ஆங்கிலத்தில் 'அனிகட்' என்ற சொல்லே நம் அணைக்கட்டிலிருந்து போனது. காவிரியின் குறுக்கே கல்லணையைக் கட்டியவர்களின் மொழி இது. சொற்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் நம் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். அன்று ஒன்பது எஃகுக் கதவுகள் அந்தக் காரணமாக அமைந்தன.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை தேக்கா நிலையத்தில் அந்த மாணவனைக் கண்டேன். நெடுநெடுவென வளர்ந்துவிட்டான். கையில் பாட்டியின் துணிப்பை. பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கிறார்கள். ஈரச் சந்தையில் இன்னும் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அவன் கேட்கவில்லை.

விடுமுறையில் பாட்டியோடு ஊருக்குப் போய் வந்தானாம். கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினான். கண்மாய் முழுவதும் சீமைக் கருவேல முட்செடிகள். தண்ணீர் இல்லை. கடைமடை வயல்களில் வீட்டுமனைக்கான கல் ஊன்றியிருந்தார்கள். பாட்டி எதுவும் பேசாமல் கரையிலேயே வெகுநேரம் நின்றிருந்தாராம். நீர்ப்பாய்ச்சி என்று இப்போது ஊரில் யாரும் இல்லை.

கடைசிப் படத்தில், முட்செடிகளுக்கு நடுவே வரிசையாகச் சில கற்கள் தெரிந்தன. யாரேனும் பார்த்தால் வெறும் கற்கள் என்றே சொல்வார்கள்.

அவன் திரையைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினான்.

"டீச்சர், இது கலுங்கு" என்றான்.